செம்பூர் ரசிகரும் சக்தியின் சனிக்கிழமை இரவும்

கிடாரும் கஞ்சிராவும் தவிலும் சந்தூரும் ஒரே மேடையில் கூடிய மும்பைக் கச்சேரி அது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்த ஆல்பத்தின் சூடு ஆறவில்லை. மெட்டல் ரசிகர்களுக்கும் சபா ரசிகர்களுக்கும் அது இன்றும் பொதுச்சொத்து.

நகரத்தின் பெயர் 1995-லேயே மாறிவிட்டது. ஆனால் 2000-ம் ஆண்டு டிசம்பரில் இங்கே மேடையில் பதிவாகி, அடுத்த ஆண்டு வெளிவந்த ஆல்பத்தின் பெயர் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'. பெயர்ப் பலகைகளெல்லாம் 'மும்பை' ஆகிவிட்ட பிறகு பழைய பெயரை அட்டையில் போட்டுக்கொண்டது 'ரிமெம்பர் சக்தி' குழு. இதில் அரசியலைத் தேட வேண்டியதில்லை. தபலா வாசித்தவர் மாஹிமில் வளர்ந்தவர். பாடியவர் செம்பூரில் பிறந்தவர். அவர்கள் பால்யத்தில் அந்த ஊருக்குப் பெயர் பம்பாய்தான்.

மொத்தம் நான்கே உருப்படிகள். ஒரு மணி நேரச் சங்கதி. ஒரு ஆங்கிலேயரின் கிடார், ஆந்திரத்துப் பையனாக வந்து சென்னையின் சொத்தாகிவிட்ட ஒருவரின் மின்சார மாண்டலின், காஷ்மீரத்துச் சந்தூர், தமிழ்நாட்டுத் தவில், கஞ்சிரா, கடம். போதாததற்குச் சென்னையின் சிவமணி. இத்தனை பேர் ஒரே மேடையில் என்றால் கூட்டுப் பொரியல் ஆகிவிடும் என்றுதான் அனுபவசாலிகள் பயப்படுவார்கள். ஆகவில்லை. அதுதான் இந்த ஆல்பத்தின் முதல் ஆச்சரியம்.

இரண்டாவது ஆச்சரியம், இதை விடாமல் கேட்பவர்கள் யார் என்பது. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் மாமாக்கள் ஒரு பக்கம். கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு தலையை ஆட்டும் மெட்டல் பிள்ளைகள் மறுபக்கம். இந்த இரண்டு கூட்டமும் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் உலகில் அதிகம் இல்லை. 'சக்தி' அவற்றில் ஒன்று.

கேட்டவர் பாடினார்

மேடையில் நின்று பாடியவரே ஒரு ரசிகர்தான். சங்கர் மகாதேவன் 1967-ல் செம்பூரில் பிறந்தவர். பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பம். ஐந்து வயதில் வீணை. லலிதா வெங்கட்ராமனிடம் வீணையும், டி.ஆர். பாலாமணியிடம் கர்நாடக சங்கீதமும் கற்றுக்கொண்டார். மராத்தி இசையமைப்பாளர் ஸ்ரீனிவாஸ் காலேயிடமும் பாடம். செம்பூரில் பள்ளி, எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி, பிறகு கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் பட்டம், சாப்ட்வேர் வேலை. மும்பையின் நடுத்தரத் தமிழ்க் குடும்பங்களில் ஆயிரம் பேருக்கு உள்ள வாழ்க்கைக் குறிப்பு இது. 'பாட்டும் படிப்பும் இரண்டும் வேணும், ஆனா படிப்பு முதல்லே' என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

அவர் வேலையை விட்டார். 1998-ல் ஜாவேத் அக்தர் எழுதிய 'பிரெத்லெஸ்' பாட்டு அவரை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படப்பாட்டுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இதற்கெல்லாம் முன்பிருந்தே 'சக்தி'யின் இசையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் தான் என்று பல பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். கேசட்டில் கேட்ட குழுவின் நடுவே, 33 வயதில், சொந்த ஊரில், மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஆல்பத்தில் அவர் குரலில் இருக்கும் துள்ளலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிடித்த அணியின் மட்டை திடீரென்று கையில் கொடுக்கப்பட்ட பையனின் சந்தோஷம் அது.

சத்தத்தை விட்டவர்

ரசிகர்கள் இவ்வளவு கொண்டாடும் 'சக்தி' எப்படிப் பிறந்தது? இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1942-ல் பிறந்த ஜான் மெக்லாக்லின், 1970-களின் தொடக்கத்தில் உலகின் மிக அதிரடியான கிடார்காரர்களில் ஒருவர். 1971-ல் அவர் தொடங்கிய 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' காதைப் பிளக்கும் சத்தத்துக்கும் மூச்சுமுட்டும் வேகத்துக்கும் பெயர் போனது. இரட்டைக் கழுத்துக் கிடார், பில்லி கோபாமின் இடிமுழக்க டிரம்ஸ். ராக் பாட்டு என்றால் ஒன்று-இரண்டு-மூன்று-நாலு என்று எண்ணிப் பழகியவர்களுக்கு, 1973-ல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தலைப்புப் பாட்டு 18 எண்ணிக்கையில் சுழன்று தலைசுற்ற வைத்தது. ராக்கின் பலத்தையும் ஜாஸின் கணக்கையும் ஒன்றாகக் கட்டிய அந்த இசை, பின்னால் வந்த புரோக்ரெசிவ் ராக், மெட்டல் குழுக்களுக்கு ஒரு வழித்தடம் போட்டது.

ஆனால் மெக்லாக்லினின் மனசு வேறு எங்கோ இருந்தது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வயலின் வித்வான் எல். சங்கர் நண்பரானார். மும்பையிலிருந்து போய் அமெரிக்காவில் தங்கியிருந்த ஜாகிர் உசேன் சேர்ந்தார். கடத்துக்கு 'விக்கு' விநாயக்ராம். மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன். ஐவர் குழு தயார். பெயர் 'சக்தி'.

1975 ஜூலை 5-ந் தேதி நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் அவர்கள் வாசித்த கச்சேரிதான் முதல் ஆல்பமாக 1976-ல் வெளிவந்தது. ஜாகிருக்கு அப்போது வயது 24. மெக்லாக்லினுக்கு 33. உலகம் முழுவதும் கிடாருக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவர் பிளக்கைப் பிடுங்கினார். தனக்கென்று செய்யப்பட்ட மரக் கிடாரில், வீணையின் கமகத்துக்கு வசதியாக மெட்டுகளுக்கிடையே குழி பறித்து, குறுக்கே சுருதித் தந்திகளும் கட்டிக்கொண்டார். எதிரே கடம். மானாமதுரை மண்.

வியாபார ரீதியில் அது நல்ல யோசனை இல்லை. 'மகாவிஷ்ணு'வுக்கு விற்ற அளவுக்கு 'சக்தி' விற்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிக்கும் முகம் சுளித்தது. 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' (1976), 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' (1977) என்று இன்னும் இரண்டு ஆல்பங்கள். 1978-ல் கடை மூடப்பட்டது. மூன்றே ஆண்டுகள், மூன்றே தட்டுகள். ஆனால் அந்த மூன்றும் கேசட்டுகளாகப் பிரதி எடுக்கப்பட்டுக் கைமாறிக்கொண்டே இருந்தன. இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு கொன்னக்கோலில் தொடங்குகிறது. வாயால் சொல்லும் ஜதி, லண்டனில் பதிவான ஒரு தட்டின் வாசலில் நின்று வரவேற்றது அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

தலையாட்டலின் கணக்கு

புரோக்ரெசிவ் மெட்டல் என்ற பெயரைக் கேட்டாலே வெறும் இரைச்சல் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த இசையின் உள்ளே ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கக் குழுவான 'ட்ரீம் தியேட்டர்' 1992-ல் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தால் இந்த வகைக்கு உலகெங்கும் ஆள் சேர்த்தது. அவர்களே 1999-ல் போட்ட 'த டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்ற வாத்திய உருப்படியில் சுமார் ஆறு நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் தாளம் மாறுகிறது. சுவீடனின் 'மெஷுகா' வேறு தந்திரம் செய்யும். ஒரு கையில் சிம்பல் சாதாரணமாக நாலு நாலாக நடந்துகொண்டிருக்கும். கிடாரும் கால் டிரம்மும் ஒற்றைப்படைக் கணக்கில் தனி வழியே போகும். தொலைந்துவிட்டார்கள் என்று கேட்பவர் முடிவு கட்டும் நேரத்தில், கடைசித் துண்டை நறுக்கி இரண்டும் ஒரே புள்ளியில் வந்து விழும். அரங்கமே ஒரே நேரத்தில் தலையை ஆட்டும்.

மிருதங்கம் கற்றுக்கொண்ட எந்தப் பிள்ளைக்கும் இது புதிதல்ல. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் 32 மாத்திரை. 10 மாத்திரை கொண்ட ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, இடையில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை மூச்சு விட்டால் சரியாக 32. அடுத்த அடி சமத்தில். கேட்பவர் கணக்கைப் பிடிக்காவிட்டாலும் அந்த இறக்கம் உடம்புக்குத் தெரியும். 'பலே' என்று வாய் தானாகச் சொல்லும். வடக்கே இதற்குத் திஹாய் என்று பெயர். மெட்டல் ரசிகனின் தலையாட்டலும் சபா மாமாவின் 'பலே'யும் ஒரே இடத்தில் விழுவதற்குக் காரணம் இதுதான்.

'தகிட' மூன்று, 'தகதிமி' நாலு, 'தகதகிட' ஐந்து, 'தகிட தகதிமி' ஏழு. மேலைநாட்டு டிரம் வாசிப்பவர்கள் விரல் விட்டு எண்ணித் திணறும் கணக்கைத் தமிழ்ப் பிள்ளை வாயால் சொல்லிக்கொண்டே தெருவில் நடந்துபோகும். இந்த ரகசியத்தை உலகத்துக்குச் சொல்வதில் மெக்லாக்லினுக்குக் கூச்சமே கிடையாது. விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து, கொன்னக்கோலை அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் டிவிடி ஒன்றையே வெளியிட்டார். வெளிநாட்டு டிரம்மர்கள் பலர் இன்று 'தகதிமி' சொல்கிறார்கள்.

இந்த இசைக்கு இந்தியாவில் ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மும்பையில் ராக் கூட்டத்தின் கோயிலாக இருந்தது தோபி தலாவ் பக்கம் திறந்தவெளி அரங்கமான ரங் பவன். 1986-ல் தொடங்கிய 'இண்டிபென்டன்ஸ் ராக்' விழாவுக்கு அதுதான் வீடு. சுற்றிலும் ஆஸ்பத்திரியும் கல்லூரியும் இருப்பதால் அமைதிப் பகுதி என்று சொல்லி 2003-ல் அந்த மேடையின் வாயை அடைத்தார்கள். காலா கோடாவில் தலைமுறைகளுக்கு இசைத்தட்டு விற்ற ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடப்பட்டது. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சாரங்' விழாவுக்குச் சுவீடனின் 'ஓபெத்' வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மும்பை ஐ.ஐ.டி.யின் 'மூட் இண்டிகோ'வில் 'போர்க்குபைன் ட்ரீ' வாசித்தது. இரண்டுமே புரோக்ரெசிவ் பந்தியில் முன் இலைக்காரர்கள்.

நாலு உருப்படி

ஆல்பத்துக்கு வருவோம். முதல் உருப்படி 'லூகி'. மெக்லாக்லினின் மெட்டு. விருந்தாளிகள் எல்லோரையும் வாசலில் நிறுத்தி அறிமுகம் செய்துவைப்பது போன்ற கலகலப்பு. இரண்டாவது 'ஷ்ருங்கார்'. சுமார் 26 நிமிடம். சந்தூர் மேதை சிவகுமார் சர்மாவின் நிதானம் மேடையையே வசப்படுத்திக்கொள்கிறது. வேகத்துக்குப் பேர் போன ஒரு கூட்டம் இவ்வளவு நேரம் பொறுமையாக மெல்ல நடக்கச் சம்மதித்ததே பெரிய விஷயம். அதிரடிக்காக ஆல்பத்தை வாங்கியவர்கள் முதலில் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சில வருஷம் கழித்துத் திரும்பி வருவார்கள். நல்ல ஆல்பத்துக்கு அடையாளம், ரசிகன் வளர வளர அதில் பிடித்த பாட்டு மாறிக்கொண்டே போவது.

மூன்றாவது உருப்படி தமிழ் ரசிகர்களின் செல்லம். தியாகராஜர் பங்காள ராகத்தில் விநாயகர் மேல் செய்த 'கிரிராஜ சுதா' கீர்த்தனை. சென்னை, திருவையாறு, மாட்டுங்கா என்று கச்சேரி மேடைகளில் ஆயிரம் முறை ஒலித்த பாட்டு. இங்கே மாண்டலின் சீனிவாஸ் அதற்குப் புதுச் சட்டை தைத்திருக்கிறார். தையல்தான் புதுசு, துணி பழசுதான். குரல் ஒன்று சொல்ல மாண்டலின் பதில் சொல்லும், கிடார் குறுக்கே புகும். சிறுவயதில் பாட்டு டீச்சர் முன்னால் கைகட்டிக்கொண்டு பாடிய கீர்த்தனையை, செம்பூர்க்காரர் இங்கே ஓட்டப்பந்தயத்தில் பாடுகிறார். ராகம் தடம் புரளவில்லை. பிள்ளையாரைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஊரில் இது பதிவானது பொருத்தமும்கூட.

சீனிவாஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். மின்சார மாண்டலினைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுவன் கர்நாடக மேடைக்கு வந்தபோது, 'இதிலே கமகம் எப்படி வரும்?' என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். அவர் வாதம் செய்யவில்லை, வாசித்தார். மின்சாரத்தை விட்டுவிட்டுத் தெற்கே வந்த மெக்லாக்லினும், மின்சாரத்தோடு சபாவுக்குள் நுழைந்த சீனிவாஸும் ஒருவரையொருவர் இங்கே சந்தித்தார்கள். இரண்டு பேரும் வேகக்காரர்கள். இரண்டு பேருக்கும் வேகம் நோக்கமல்ல என்பதுதான் ஆல்பத்தைக் காப்பாற்றுகிறது.

கடைசி உருப்படி, ஜாகிர் உசேனின் 'பெல்லாலா'. தாளக்காரர்களின் பட்டியலே ஒரு ஊர்வலம்: ஜாகிர், அவர் தம்பி தௌபிக் குரேஷி, செல்வகணேஷ், பவானி சங்கர், சிவமணி, தவிலுக்கு ஏ.கே. பழனிவேல். கோயில் வாசலில் நாகஸ்வரத்தோடு கேட்டுப் பழகிய தவில், காதுக்கு இதமான வாத்தியம் என்று யாரும் சொன்னதில்லை. அது தெருவுக்கான வாத்தியம். விரலில் மாட்டிய கூடுகளும் மரக்குச்சியும் தோலில் மோதும்போது எழும் முழக்கத்துக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. மெட்டல் பிள்ளைகள் டிரம்மில் தேடும் கனம் தவிலில் பிறவியிலேயே உண்டு. பழைய 'சக்தி'யின் மென்மையான மரக் கிடாரும் மண் கடமும் இருந்த இடத்தில், 2000-ல் இந்தக் கனம் வந்து உட்கார்ந்தது. சிவமணியோ இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1990-ல், அதே ரங் பவன் மேடையில் ஜாகிரோடு வாசித்துத்தான் மும்பைக்கு அறிமுகமானார்.

ரயில் பாதைக்கு இரண்டு பக்கம்

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்த ஆல்பம் வேறு மாதிரித் தெரியும். ஜாகிர் உசேன் வளர்ந்த மாஹிமுக்குக் கிழக்கே ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களும் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழ் முஸ்லிம்களும் சேர்ந்து உருவாக்கிய தமிழ் ஊர். கோயில் கொடை என்றால் அங்கே மேளச் சத்தம் கேட்கும். தெற்கே கொஞ்ச தூரத்தில் மாட்டுங்கா. பூக்கடை, காப்பிக்கடை, பஜனை சமாஜம். பக்கத்தில் கிங்ஸ் சர்க்கிள் அருகே சண்முகானந்தா. 1952-ல் தொடங்கிய சபா, 1963-ல் கட்டிய பிரமாண்ட அரங்கம். 1990-ல் தீக்கிரையாகி 1998-ல் திரும்ப எழுந்தது. ஹார்பர் லைனில் ஏறினால் செம்பூர். சில மைல்களுக்குள் தபலா, தவில், மிருதங்கம், வீணை.

ஜாகிரின் தந்தை அல்லா ரக்கா காலமானது 2000 பிப்ரவரியில். தபலாவை உலக மேடைக்குக் கொண்டுபோன தலைமுறையின் பெரியவர். 1968-லேயே அமெரிக்க டிரம்மர் படி ரிச்சோடு சேர்ந்து தட்டு போட்டவர். அவர் போய்ப் பத்து மாதத்தில் நடந்த இந்தக் கச்சேரியில் அவருடைய பிள்ளைகள் இருவர் ஒரே மேடையில் வாசித்திருக்கிறார்கள். ஆல்பம் துக்கம் கொண்டாடவில்லை. அந்த வீட்டில் துக்கத்தையும் தாளத்தில்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சங்கர் மகாதேவன் பிறப்பதற்கு ஓராண்டு முன், 1966-ல், மும்பையில் சிவசேனை தொடங்கப்பட்டது. அதன் முதல் கோபம் தென்னிந்தியர்கள் மேல். வேலைகளைப் பறித்துக்கொள்ளும் 'மதராசிகள்' என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. ஆபீசுக்கு மராத்தியும் இந்தியும், வீட்டில் தமிழ், மாலையில் பாட்டு கிளாஸ். வெளியே தலையைக் குனிந்துகொண்டு போன குடும்பங்களுக்கு உள்ளே தம்புரா சுருதி ஒரு தைரியம். அந்தப் பாட்டு கிளாஸிலிருந்து வந்த குரல், நகரத்தின் பழைய பெயரைத் தாங்கிய ஆல்பத்தில், மராத்தியரும் பஞ்சாபியும் காஷ்மீரியும் தமிழரும் ஆங்கிலேயரும் கைதட்டும்படி ஒலிக்கிறது. யாருடைய ஊர் என்ற கேள்விக்கு இதைவிட மரியாதையான பதில் கிடையாது.

குறைகளும் உண்டு

ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1975-ன் 'சக்தி'யில் மயங்கியவர்களுக்கு இந்த ஆல்பத்தில் ஒரு குறை தெரிகிறது. பழைய மரக் கிடாரின் நெருக்கம் போய்விட்டது. மெக்லாக்லின் மீண்டும் மின்சாரத்துக்கு வந்துவிட்டார். ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாசித்த இசைக்கும் ஒரு பட்டாளம் வாசிக்கும் இசைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். எல்.சங்கரின் வயலின் இல்லாத 'சக்தி'யை ஏற்க மறுப்பவர்கள் இன்றும் உண்டு. கட்டுப்பெட்டி சபாக்காரர்களுக்கோ தியாகராஜரை இந்த வேகத்தில் ஓட்டுவதே சம்மதமில்லை. இதில் எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது.

இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. 'சக்தி' என்று பெண் தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்ட குழுவின் நிரந்தர உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. அந்தச் செம்பூர்ப் பையனுக்கு வீணையும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர்கள் பெண்கள். மும்பைத் தமிழ் வீடுகளில் சங்கீதத்தைக் கட்டிக் காத்ததும் பெரும்பாலும் அவர்கள்தான். மேடை ஏறியது மாணவன்.

மீதி இருப்பது

காலம் இந்த ஆல்பத்தின் அட்டையிலிருந்து ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. 2014 செப்டம்பரில் மாண்டலின் சீனிவாஸ் 45 வயதில் மறைந்தார். அதன் பிறகு குழு ஆண்டுக்கணக்கில் மௌனமாக இருந்தது. 2022 மே மாதத்தில் சிவகுமார் சர்மா.

கொரோனா காலத்தில் குழு மறுபடி கூடியது, ஆனால் ஒரே அறையில் அல்ல. ஆளுக்கு ஒரு ஊரில் இருந்துகொண்டு பதிவு செய்து அனுப்ப, அது 2023 ஜூனில் 'திஸ் மொமெண்ட்' என்ற ஆல்பமானது. 1977-க்குப் பிறகு, 46 ஆண்டுகள் கழித்து 'சக்தி' பெயரில் வந்த ஸ்டூடியோ ஆல்பம். மெக்லாக்லின், ஜாகிர், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலினுக்கு கணேஷ் ராஜகோபாலன். ஐவரில் மூவர் தமிழர்கள். அந்த ஆண்டு ஜனவரியில் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடும் சுற்றுப்பயணத்தில் மும்பைக்கும் வந்தார்கள். 2024 பிப்ரவரியில் 'திஸ் மொமெண்ட்' கிராமி விருது பெற்றது. அதே இரவில் வேறு இரண்டு கிராமிகளையும் ஜாகிர் தட்டிச்சென்றார். ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கிய இந்தியர் அதற்கு முன் யாரும் இல்லை.

பத்து மாதம் கழித்து, 2024 டிசம்பர் 15-ல், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் காலமானார். வயது 73. முதல் கச்சேரியிலிருந்து கடைசி ஆல்பம் வரை மெக்லாக்லினோடு கூடவே வந்த ஒரே கலைஞர் அவர். குழு என்ற பெயருக்கு அர்த்தமாக இருந்தது அந்த இருவரின் ஐம்பது ஆண்டு நட்பு. மெக்லாக்லின் எண்பதைக் கடந்தவர். அந்த இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்பது ரசிகர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' இப்போது வேறு கனத்தோடு ஒலிக்கிறது. சீனிவாஸும் சிவகுமார் சர்மாவும் ஜாகிரும் ஒரே இரவில், ஒரே மூச்சில் இருப்பது இந்தத் தட்டில். பையனைச் சங்கீதத்துக்கு அனுப்பலாமா, டியூஷனுக்கு அனுப்பலாமா என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மும்பைத் தமிழ்ப் பெற்றோர்களுக்கும் இது ஒரு சாட்சியம். மெட்டல் கேட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த ஆல்பத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் தலையை ஆட்டும். கொஞ்ச நேரத்தில் விரல் விட்டு எண்ண ஆரம்பிக்கும். எட்டாவது அட்சரம் முடிந்து எல்லாம் ஒன்றாக வந்து சமத்தில் விழும்போது, அதன் வாயிலிருந்தும் ஒரு 'பலே' வரும்.